அக்கிலீஸின் மகனை எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்குவது?

டிராய் போரின் கதை தெரிந்தவர்களில் பலருக்கு அக்கிலீஸின் மகன் பெயர் சட்டென நினைவுக்கு வருவதில்லை. ஹோமரின் இலியட் காவியத்தில் அவன் தலைகாட்டுவதே இல்லை. 19-ஆம் படலத்தில், செத்துக் கிடக்கும் நண்பன் பெட்ரோக்ளஸுக்காக அழுதுகொண்டிருக்கும் அக்கிலீஸ், ஸ்கைராஸ் தீவில் வளர்கிற தன் மகன் நியோப்டாலமஸ் உயிரோடுதான் இருக்கிறானா என்று ஏங்குகிறான், அத்தோடு சரி. ஆனால் அக்கிலீஸ் இறந்த பிறகு கதை அந்தப் பையனைத் தேடித்தான் போகிறது. அவன் வராமல் டிராய் விழாது என்று குறி சொல்லப்படுகிறது. வருகிறான். மரக்குதிரைக்குள் ஒளிகிறான். பலிபீடத்தில் தஞ்சம் புகுந்த மன்னர் பிரையமைக் கொல்கிறான். பிரையமின் மகனும் அக்கிலீஸ் கையால் செத்தவனுமான ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமக்கியை அடிமையாகக் கூட்டிப்போகிறான். கடைசியில் டெல்ஃபியில், அப்போலோவின் கோயிலிலேயே வெட்டுப்பட்டுச் சாகிறான்.

இந்த வாழ்க்கை முழுவதையும் ஒரே இடத்தில் நன்றாகச் சொல்லும் நூல் கிடையாது. ஹோமர் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆளுக்கொரு துண்டாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதில் அவன் மானமுள்ள இளைஞன். இன்னொருவர் எழுதியதில் கிழவரின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிற கொலைகாரன். முதலில் பார்த்த முகம்தான் மனதில் தங்கும் என்பதால், எதை முதலில் எடுக்கிறோம் என்பது இவன் விஷயத்தில் ரொம்ப முக்கியம். என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஃபிலாக்டெட்டீஸ்’ நாடகத்தில் தொடங்குங்கள். அதை முடித்த கையோடு ரோமானியக் கவி வெர்ஜிலின் ‘ஈனிட்’ காவியத்தில் இரண்டாம் படலத்தை எடுங்கள். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு.

பெயர்க் குழப்பம் வராமல் இருக்க ஒரு குறிப்பு. கிரேக்கக் கவிகள் பெரும்பாலும் இவனை நியோப்டாலமஸ் என்பார்கள். வெர்ஜில் பெரும்பாலும் பிர்ரஸ் என்பார். ஆள் ஒருவன்தான்.

கதை நடந்த வரிசையிலேயே படித்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அதற்கென்றே செய்ததுபோல் ஒரு காவியமும் இருக்கிறது. பெரும்பாலும் கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்று கருதப்படும் குவின்டஸ் ஸ்மிர்னேயஸ், இலியட் முடிகிற இடத்தில் தொடங்கி, டிராய் எரிந்து கிரேக்கர்கள் கப்பலேறும் வரை 14 படலங்களில் எழுதினார். ஏழாம் படலத்தில் கிரேக்கத் தலைவர்கள் ஒடிசியஸும் டயோமீடிஸும் பையனை அழைத்துப்போக ஸ்கைராஸுக்கு வருகிறார்கள். தாய் டெய்டாமியா கணவனை அந்தப் போருக்குத்தான் பறிகொடுத்தவள், மகனும் போகிறான். அவன் போன பிறகு வீட்டில் அவன் விட்டுச்சென்ற விளையாட்டுப் பொருளையும் எறிவேலையும் கண்ட இடத்தில் எடுத்து முத்தமிடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காகவே இந்தக் காவியத்தை மதிக்கலாம்.

ஆனாலும் தொடக்கத்துக்கு இதைச் சொல்லமாட்டேன். ஏறக்குறைய 8800 வரிகளில் போர்க்களக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் நியோப்டாலமஸ் குறையே இல்லாத வீரன். பிரையமைக் கொல்லும் இடத்தில்கூட, பிள்ளைகளை இழந்துவிட்ட அந்தக் கிழவரே ‘என்னைக் கொன்றுவிடு’ என்று கேட்கிறார். கேட்டதைச் செய்தவன்மேல் என்ன குற்றம் சொல்வது? அந்த மரணத்தின் பாரம் முழுக்க அங்கே கரைந்துபோகிறது. முதல் வாசிப்பிலேயே இப்படி ஒரு சமாதானம் கிடைத்துவிட்டால், மற்றக் கவிகள் எதற்காக அவ்வளவு தவித்தார்கள் என்பது பிடிபடாது.

அடுத்த வழி ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11-ஆம் படலம். நேரமில்லாதவர்களுக்கு இது வசதி. நமக்கு வேண்டியது சுமார் 35 வரிகள்தான். இறந்தவர்களின் உலகில் ஒடிசியஸ் அக்கிலீஸின் ஆவியைச் சந்திக்கிறான். செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, உயிரோடு ஓர் ஏழைக் குடியானவனிடம் கூலி வேலை செய்வது மேல் என்று அக்கிலீஸ் சொல்லும் புகழ்பெற்ற பேச்சு இங்கேதான் வருகிறது. அதைச் சொன்ன வாயால் மகனைப் பற்றிக் கேட்கிறான். ஒடிசியஸ் சொல்கிறான்: உன் மகனை ஸ்கைராஸிலிருந்து கப்பலில் கூட்டிவந்தவனே நான்தான், அவையில் முதியவர் நெஸ்டரும் நானும் தவிர அவனுக்கு நிகராகப் பேச ஆளில்லை, மரக்குதிரைக்குள் மற்ற வீரர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கைகால் நடுங்கிக் கிடந்தபோது, அவன் ஒருவன் மட்டும் முகம் வெளுக்காமல், வாள்பிடியைத் தடவிக்கொண்டு, வெளியே விடச் சொல்லிக் கெஞ்சினான். கேட்டதும் அக்கிலீஸ் அஸ்ஃபடல் என்ற பூண்டுகள் பூத்த வெளியில் பெரிய எட்டு வைத்து மகிழ்ச்சியோடு நடந்து போகிறான்.

அருமையான பகுதி. ஆனால் ஒடிசியஸ் சொல்லாமல் விட்டவற்றைக் கவனிக்க வேண்டும். பிரையம் பேச்சிலேயே இல்லை. ஹெக்டரின் குழந்தை இல்லை. அக்கிலீஸின் சமாதியில் பலியிடப்பட்ட, பிரையமின் மகள் பாலிக்ஸினா இல்லை. ஒரு தகப்பனுக்கு எதைச் சொன்னால் மனம் குளிருமோ அதை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்லியிருக்கிறான் என்றே நான் படிக்கிறேன். மற்றதைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் இந்த மௌனம் காதில் விழும். ஆகையால் இது இரண்டாம் சுற்றுக்கு உரியது.

இனி ‘ஃபிலாக்டெட்டீஸ்’. கி.மு. 409-இல் ஏதென்ஸில் அரங்கேறி முதல் பரிசு பெற்ற நாடகம். அப்போது சோஃபக்ளீஸுக்கு 85 வயதைத் தாண்டியிருந்தது. 1471 வரிகள், ஒரே மாலையில் படித்துவிடலாம். முன்கதை சில வரிகளில் அடங்கிவிடும். ஹெராக்ளீஸின் வில்லை வைத்திருக்கும் ஃபிலாக்டெட்டீஸைப் போருக்குப் போகும் வழியில் பாம்பு கடித்தது. காலில் ஆறாத புண். நாற்றமும் அலறலும் தாங்காமல் கிரேக்கர்கள் அவனை லெம்னாஸ் தீவில் தனியே இறக்கிவிட்டுப் போனார்கள். கொண்டுபோய் விட்டவன் ஒடிசியஸ். பத்தாண்டு கழித்து, அந்த வில் இல்லாமல் டிராயைப் பிடிக்க முடியாது என்று குறி வருகிறது. அதை வாங்கிவர ஒடிசியஸ் இந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு தீவுக்கு வருகிறான்.

இந்த இடத்தில் பையனைச் சேர்த்தது சோஃபக்ளீஸின் வேலை. பழைய காவியம் ஒன்றில் ஃபிலாக்டெட்டீஸை அழைத்துவரப் போனவன் டயோமீடிஸ். இதே கதையை எஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் முன்பே நாடகமாக்கியிருந்தார்கள். அவை இரண்டும் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டின் பேச்சாளர் டியோ கிரைசாஸ்டம், ஒரு காலைப்பொழுதில் மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து ஒப்பிட்டு எழுதியது இருக்கிறது. மற்ற இருவரின் நாடகங்களிலும் தீவில் மக்கள் இருந்தார்கள், அவர்களே பாடகர் குழுவாக வந்தார்கள் என்பது அதிலிருந்து தெரிகிறது. சோஃபக்ளீஸ் தீவைக் காலி செய்தார். பாடகர் குழுவை நியோப்டாலமஸின் மாலுமிகளாக்கினார். ஊரில்லாத கரை, புண்ணோடு ஒருவன், அவனை ஏமாற்ற அனுப்பப்பட்ட ஒரு பையன். பொய் சொல்லலாமா கூடாதா என்று கேட்பதற்கு அந்தத் தீவில் வேறு யாருமே இல்லை.

ஒடிசியஸ் போடும் திட்டம் எளிது. ‘உன் தந்தையின் ஆயுதங்களை உனக்குத் தராமல் எனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல். என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல். நம்பிவிடுவான்.’ பையன் தயங்குகிறான். வலுவால் பிடிக்கலாமே என்கிறான்; அந்த வில்லுக்கு முன் வலு செல்லாது. எடுத்துச் சொல்லி அழைக்கலாமே என்கிறான், கேட்கமாட்டான். இழிந்த வழியில் ஜெயிப்பதைவிட நேராக நடந்து தோற்பதே மேல் என்று பையன் சொல்லியும் பார்க்கிறான். ஒடிசியஸின் பதிலைப் படிக்கும்போது உடல் கூசும். ஒரே ஒரு நாள், வெட்கத்தை விட்டுவிட்டு என் கையில் உன்னைக் கொடு. அப்புறம் வாழ்நாள் முழுக்க உலகத்திலேயே பக்திமான் என்று பேர் வாங்கிக்கொள் என்கிறான். பையன் ஒத்துக்கொள்கிறான்.

பொய் நன்றாகவே பலிக்கிறது. பத்தாண்டு கழித்துக் கிரேக்க மொழியைக் காதால் கேட்ட ஃபிலாக்டெட்டீஸுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாயில் ‘மகனே, மகனே’ என்பதே பேச்சு. தான் சொல்லும் கட்டுக்கதைக்கு நடுவே பையன் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறான்: தந்தையைப் புதைப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவ்வளவு அவசரமாக டிராய்க்குப் போனானாம்; உயிரோடு பார்த்ததே இல்லையாம். தந்தையைக் காணாமல் வளர்ந்த பையனுக்கு இந்தத் தீவில் இரண்டு பேர் தந்தையாக இருக்கப் பார்க்கிறார்கள். ஒருவன் வெற்றி பெறக் கற்றுக்கொடுக்கிறான். இன்னொருவன் எதையும் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, நம்புகிறான், அவ்வளவுதான்.

நாடகத்தின் நடுவே ஃபிலாக்டெட்டீஸுக்கு வலி வருகிறது. முதலில் மறைக்கப் பார்க்கிறான். பிறகு முடியாமல் அலறுகிறான், காலை வெட்டிப் போடச் சொல்கிறான். வலி அடங்கித் தூங்கும் வரை பத்திரமாக வைத்திரு என்று சொல்லி, பத்தாண்டாகப் புறாக்களை அடித்துத் தன்னை உயிரோடு வைத்திருந்த வில்லைப் பையன் கையில் கொடுக்கிறான். தூங்கிவிடுகிறான். காற்றும் சாதகமாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு கிளம்பு என்று மாலுமிகள் தூண்டுகிறார்கள். வில் கையில் இருக்கிறது, ஆள் தூங்குகிறான், வந்த வேலை முடிந்தது. பையன் நகரவில்லை. ஃபிலாக்டெட்டீஸ் கண் விழித்து, இவன் ஓடிப்போகாமல் பக்கத்திலேயே இருப்பதைப் பார்த்து நன்றியில் கரைகிறான். அப்போதுதான் பையன் உடைகிறான். சற்றுமுன் வலியில் துடித்தவன் எழுப்பிய அதே ஓலம் இப்போது இவன் வாயிலிருந்து வருகிறது. இனி நான் என்ன செய்வேன் என்கிறான். தன் இயல்பை விட்டுவிட்டு ஒருவன் நடந்தால் எல்லாமே அருவருப்பாகிவிடுகிறது என்கிறான்.

உண்மையைச் சொல்லியும் உடனே வில்லைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வருவதில்லை. நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இழுபறிதான். ஒடிசியஸ் வந்து மிரட்ட, ஃபிலாக்டெட்டீஸை வில்லில்லாமல் விட்டுவிட்டுப் போகிறான். போனவன் திரும்பி வருகிறான். ஒடிசியஸ் வாளில் கை வைத்தும் அசராமல் வில்லைக் கொடுக்கிறான். அதன் பிறகு, முதலில் தானே சொன்ன வழியை, எடுத்துச் சொல்லி அழைக்கும் வழியை, முயன்று பார்க்கிறான். ஃபிலாக்டெட்டீஸ் மசியவில்லை. சரி, உன்னை உன் ஊருக்கே கூட்டிப்போகிறேன் என்று போரையும் புகழையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறான். தெய்வமாகிவிட்ட ஹெராக்ளீஸ் வானில் தோன்றி இருவரையும் டிராய்க்குத் திருப்புகிறான். போகும்போது ஒரு எச்சரிக்கை: நகரத்தை அழிக்கும்போது தெய்வங்களுக்குரிய மரியாதையை மறக்காதீர்கள்.

ஏதென்ஸ் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்தது என்ன என்று தெரியும். நமக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் புத்தகத்தை மூடிவைக்காமல் அப்படியே வெர்ஜிலுக்குப் போகச் சொல்கிறேன்.

வெர்ஜில் கி.மு. 19-இல் இறந்தவர். ‘ஈனிட்’ இரண்டாம் படலம் 804 வரிகள். டிராய் விழுந்த இரவை, தப்பிவந்த டிராய் வீரன் ஈனியஸ் தன் வாயால் சொல்கிறான். அதாவது தோற்றவர்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அரண்மனை வாசலில் பிர்ரஸ் வெண்கலம் பளபளக்க நிற்கிறான். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் நச்சுப் பூண்டு தின்று கிடந்து, தோலுரித்துப் புத்துடம்போடு வெளியே வரும் பாம்பு என்கிறார் கவி. கோடரியால் கதவைப் பிளக்கிறான். உள்ளே முற்றத்தில் பழைய லாரல் மரத்தடியில் பலிபீடம்; பிரையமின் மனைவி ஹெக்யூபாவும் பெண்களும் புயலுக்கு ஒடுங்கிய புறாக்கள்போல் அதைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வயதான பிரையம் பல காலம் தொடாத கவசத்தை நடுங்கும் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். மகன் பொலிட்டீஸ் காயத்தோடு ஓடிவந்து பெற்றவர்களின் கண்முன் விழுந்து சாகிறான். துரத்தி வந்தவன் பிர்ரஸ்.

கிழவர் சொல்லும் வார்த்தைதான் வேலைவிட ஆழமாகக் குத்துகிறது. நீ அக்கிலீஸின் மகன் என்று சொல்வது பொய். தஞ்சம் என்று வந்த என் முன் அவன் நாணினான், ஹெக்டரின் உடலை என்னிடம் திருப்பிக் கொடுத்தான், என்னை என் நகருக்குப் பத்திரமாக அனுப்பினான் என்கிறார். அவர் எறிந்த வேல் வலுவில்லாமல் கேடயத்தில் தொங்குகிறது. பிர்ரஸ் சொல்கிறான்: அப்படியானால் நீயே தூது போ, தரம் கெட்ட மகன் என்று என் தந்தையிடம் போய்ச் சொல். மகனின் ரத்தத்தில் வழுக்கிக்கொண்டிருக்கும் கிழவரைப் பலிபீடம் வரை இழுக்கிறான்; இடது கையில் மயிர், வலது கையில் வாள். பாரதம் படித்தவர்களுக்கு அசுவத்தாமன் நினைவுக்கு வராமல் போகாது.

இதை முதலில் படித்தால் பிர்ரஸ் ஓர் அரக்கன். படித்து முடித்ததும் மனதை விட்டு நகர்ந்துவிடுவான். லெம்னாஸில் வில்லைத் திருப்பிக் கொடுத்த கையைப் பார்த்துவிட்டு வந்து படித்தால் தாங்காது. தந்தை செய்ததைச் செய்யத் தெரிந்த பையன் இவன். ஃபிலாக்டெட்டீஸின் கண்ணீரைப் பார்த்து வெற்றியை விட்டுக்கொடுக்கத் தெரிந்தவன். வெர்ஜிலும் சோஃபக்ளீஸும் ஒருவரையொருவர் நிரப்புவதற்காக எழுதவில்லை. நடுவே நானூறு ஆண்டுகள், வேறு மொழி, வேறு நாடு. ஆனாலும் இந்த வரிசையில் படித்தால்தான் ஹெராக்ளீஸின் எச்சரிக்கைக்கு முழுப் பொருள் கிடைக்கிறது.

யூரிப்பிடீஸை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்கலாம். அவருடைய மூன்று நாடகங்களில் நியோப்டாலமஸின் நிழல் விழுகிறது. ஒன்றில்கூட உயிரோடு மேடைக்கு வருவதில்லை. ‘ஹெக்யூபா’வில் பாலிக்ஸினாவைப் பலியிட்டதைத் தூதன் வந்து சொல்கிறான். அவள் தானே ஆடையை இடுப்புவரை கிழித்து, நெஞ்சா கழுத்தா என்று கேட்டு நிற்கிறாள். அவளைப் பார்த்த இரக்கத்தில், விரும்பியும் விரும்பாமலும் வெட்டினான் என்கிறான் தூதன். சோஃபக்ளீஸின் பையன் ஒரு கணம் அங்கே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். கி.மு. 415-இல் வந்த ‘டிராய் நாட்டுப் பெண்கள்’ நாடகத்தில் ஹெக்டரின் குழந்தை அஸ்டியானக்ஸ் மதிலிலிருந்து எறியப்படுகிறான். யோசனை சொன்னவன் ஒடிசியஸ். நியோப்டாலமஸ் ஏற்கெனவே கப்பலேறிவிட்டான். குழந்தையைப் புதைக்க ஹெக்டரின் கேடயத்தை மட்டும் விட்டுச்சென்றிருக்கிறான். பழைய காவியம் ஒன்றிலோ, தாதியின் மடியிலிருந்து குழந்தையைப் பறித்து எறிந்தவனே இவன்தான்.

‘ஆண்ட்ரோமக்கி’ நாடகம்தான் இவன் முடிவைச் சொல்கிறது. கணவனையும் மாமனாரையும் கொன்ற குடும்பத்தில் அடிமையாக வாழ்ந்து, கொன்றவனுக்கே ஒரு மகனைப் பெற்ற பெண்ணின் கதை அது. நியோப்டாலமஸின் மனைவி ஹெர்மையனி அந்தப் பிள்ளையையும் தாயையும் கொல்லத் துடிக்கிறாள். அவன் அப்போது டெல்ஃபியில். தந்தையின் சாவுக்குக் காரணமென்று அப்போலோவிடம் ஒருகாலத்தில் நியாயம் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கப் போனவன், அகமெம்னனின் மகன் ஒரெஸ்டீஸின் சதியால் அங்கேயே கொல்லப்படுகிறான். பிணம்தான் வீடு திரும்புகிறது. போரின் பலனைச் சுமந்த பெண்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள ஆசை என்றால், என் வரிசையை விட்டுவிட்டு ‘டிராய் நாட்டுப் பெண்கள்’, ‘ஆண்ட்ரோமக்கி’ என்று தொடங்குவது சரியான முடிவே. 1667-இல் பிரெஞ்சில் ரசீன் எழுதிய ‘ஆண்ட்ரோமாக்’ நாடகத்தையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம். அதில் இவன் கைதியின்மேல் காதல் கொண்டு அலைகிறான். அவனைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் இவை பிறகு வரட்டும்.

டெல்ஃபி மரணத்தைப் பற்றித் தனி ஆர்வம் உள்ளவர்களுக்குப் கிரேக்கக் கவி பிண்டாரும் பயண நூல் எழுதிய பாசேனியஸும் இருக்கிறார்கள். ஸியூஸின் பலிபீடத்தில் பிரையமைக் கொன்றவன் அப்போலோவின் பலிபீடத்தில் செத்தான். செய்ததையே அனுபவிப்பதற்கு ‘நியோப்டாலமஸின் தண்டனை’ என்று பெயர் வந்தது என்கிறார் பாசேனியஸ். டெல்ஃபியில் இருந்த அவன் சமாதியை ஊரார் பகைவனுடையது என்று மதிக்காமல் வைத்திருந்தார்களாம். கி.மு. 279-இல் கால் (Gaul) என்ற இனத்தவர் படையெடுத்தபோது அவன் ஆவி கோயிலுக்காகப் போரிட்டது என்று நம்பிய பிறகே நிலைமை மாறியிருக்கிறது. கிரேக்கத்தின் வடமேற்கில் இருந்த எபிரஸ் நாட்டு அரசர்கள் தங்களை இவன் வம்சம் என்றார்கள். அலெக்ஸாண்டரின் தாய் ஒலிம்பியாஸ் அந்தக் குடும்பம். கி.மு. 334-இல் டிராய்க்கு வந்த அலெக்ஸாண்டர், நியோப்டாலமஸின் வம்சத்தின்மேல் பிரையமுக்கு உள்ள கோபம் தணிய வேண்டும் என்று அங்கே பலி கொடுத்ததாக வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார்.

‘ஈனிட்’டை ஏற்கெனவே படித்துவிட்டவர்கள் என் வரிசை தங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். ‘ஃபிலாக்டெட்டீஸ்’ படித்துவிட்டு, இரண்டாம் படலத்தில் 469-ஆம் வரியிலிருந்து 558 வரை மட்டும் மறுபடி படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.